கிடா துலுக்காத மூன்று செவ்வாய்க்கிழமைகள்

ஹாக்கி ஆடிச் சம்பளம் வாங்கினேன் என்று சொன்னால், கேட்பவர்கள் முதலில் கேட்பது எத்தனை கோல் போட்டீர்கள் என்றுதான். ஒன்பது வருஷத்தில் ஒன்றுகூடப் போடவில்லை என்பேன். உடனே அவர்கள் முகத்தில் ஓர் இரக்கம் வரும் பாருங்கள், அதைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் பேக். ரைட் பேக். கோல் போடுவது என் வேலை இல்லை, போட விடாமல் தடுப்பதுதான் என் வேலை. எங்கள் கோல்கீப்பருக்கு முன்னால் நின்றுகொண்டு, வருகிறவனை மறித்து, பந்தைப் பறித்து, முன்னே இருக்கும் ஃபார்வர்டுகளுக்கு அடித்து அனுப்ப வேண்டும். அதை வாங்கிக்கொண்டு போய்க் கோல் போட்டவன் கழுத்தில் மாலை விழும். நான் நூறு பந்தை நிறுத்தினாலும் யாருக்கும் தெரியாது. ஒன்றைத் தவறவிட்டால் மட்டும் திடல் முழுக்க என் பெயரைச் சொல்லித் திட்டும்.

கொல்லிமலையில், தேவனூர் நாட்டில் இருக்கும் எங்கள் ஊரில், இந்தக் கோல் கேள்விகூட வராது. அங்கே கேள்வியே வேறு. மலாயாவிலிருந்து முதல் தடவை லீவில் வந்தபோது, நான் என்ன உத்தியோகம் பார்க்கிறேன் என்பதை அம்மாவுக்குப் புரிய வைக்க ஒரு சாயங்காலம் முழுவதும் பாடுபட்டேன். ஸ்டிக்கை எடுத்துக் காட்டினேன். வாசலில் கோடு கிழித்துக் காட்டினேன். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்பொ நீ நிக்கிறியா?" என்றாள்.

"நிக்கிறேன், வர்றவனைத் தடுக்கறேன்."

"சாமைக் காட்டுல பன்னிக்குக் காவல் நிக்கறாப்பல."

"கிட்டத்தட்ட அப்படித்தாம்மா."

"அதுக்கு எதுக்குச் சாமி கப்பலேறிப் போகோணும்? இங்கதான் நெசப் பன்னியே வருதே."

மறுநாள் ஊர் முழுவதும் நான் கடல் தாண்டி ஒரு துரையிடம் காவல்காரனாக இருக்கிறேன் என்று பேசிக்கொண்டார்கள். சொந்தக் காட்டுக்குக் காவல் இருப்பது எங்கள் ஊரில் கௌரவம். அடுத்தவன் காட்டுக்குக் கூலிக்குக் காவல் இருப்பது வக்கற்றவன் வேலை. ஒன்பது வருஷமும் நான் அந்தப் பெயரோடுதான் மலை ஏறினேன், இறங்கினேன்.

அம்மா சொன்னதில் பாதி உண்மை இருந்ததுதான் இன்னும் எரிச்சல். சின்ன வயதில் சாமைக் காட்டுக்குக் காவல் இருந்தவன் நான். பன்றி வரும்போது அதை எதிர்த்து ஓடக் கூடாது. ஓடினால் அது நம்மைத் தாண்டிப் போய்விடும். அது வருகிற வழியில் சற்றே ஒதுங்கி நின்று, அது போக நினைக்கும் பக்கத்தை அடைத்தால் தானாகத் திரும்பி வேலியோரம் போகும். பிறகு துறையூருக்கும் அங்கிருந்து திருச்சிக்கும் படிக்கப் போனபோது, பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர் ஓட்டப் பந்தயத்தில் கடைசியாக வந்தவர்களையெல்லாம் பொறுக்கி எடுத்து பேக் இடத்தில் நிறுத்தினார். ஓட முடியாதவனுக்கு அதுதான் இடம் என்பது அவர் கணக்கு. மற்றவர்கள் பந்தை நோக்கிப் பாய்ந்தார்கள். நான் ஒதுங்கி நின்று கோட்டோரம் விரட்டினேன். அன்றைக்கு என்னைத் தாண்டி ஒருவனும் போகவில்லை.

திருச்சியில் ஒரு பந்தயத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஆள் பிடிக்கிறவர் ஒருவர் என்னை மலாயாவுக்கு அழைத்தார். அங்கே ரப்பர்த் தோட்டங்கள் வைத்திருந்த ஒரு கம்பெனிக்கு ஹாக்கிக் கோஷ்டி இருந்தது. தோட்டத்துத் துரைகளுக்குள் கோப்பைக்காகப் பெரிய போட்டி. ஆட்டத்துக்குச் சம்பளம் என்று வெளிப்படையாகக் கொடுக்கக் கூடாதாம், அது மரியாதை இல்லையாம். ஆகவே ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் ஒரு பொய் உத்தியோகம். என்னை ஸ்டோர் கிராணி, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தா, என்று பதிந்துகொண்டார்கள். காலையில் ஸ்டோரில் ஒரு நாற்காலியில் உட்கார வேண்டும், மாலையில் திடலுக்குப் போக வேண்டும். ஒரு நாள் உண்மையான கிராணி காய்ச்சலில் படுத்திருந்தபோது ஒருவர் வந்து ரப்பர்ப் பால் எடுக்கும் வாளி கேட்டார். நான்கு வருஷமாக அந்த ஸ்டோரில் உட்கார்ந்திருந்தவன், வாளி எந்த மூலையில் இருக்கிறது என்று தெரியாமல் அரை மணி நேரம் தேடினேன். கடைசியில் அவரே உள்ளே வந்து எடுத்துக்கொண்டு, "இருங்க ஐயா, நீங்க ஆடுறவரு" என்று சொல்லிவிட்டுப் போனார். இதைவிட மரியாதையாக யாரும் என்னை அவமானப்படுத்தியதில்லை.

ஆனால் திடலில் நான் யார் என்பது எனக்குத் தெரியும். கோஷ்டியில் இரண்டு பேக். லெஃப்ட் பேக் யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிட நான்கு வயது மூத்தவர். ஒருவர் முன்னே போனால் மற்றவர் பின்னே நிற்க வேண்டும். நாங்கள் ஆட்டத்தில் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்டதே இல்லை. அவர் தோள் திரும்பும் விதத்திலேயே பந்து எந்தப் பக்கம் வரும் என்று எனக்குத் தெரிந்துவிடும். மழை பெய்து புல் வழுக்கும் மாலைகளில், எதிரி ஃபார்வர்டு ஐந்து பேர் சேர்ந்து வரும்போது, எனக்குள் வருகிற அமைதி வேறு எங்கேயும் எனக்கு வந்ததில்லை. அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் வருவதைப் படித்துவிட்டு, இவனுக்கு ஆட்டத்தில் பிடிப்பே இல்லை என்று யாராவது நினைத்துவிடக் கூடாது.

எட்டாவது வருஷம் வலது முழங்கால் போயிற்று. ஒரு பட்டாளத்துக் கோஷ்டியோடு ஆடும்போது ஒரு பெரிய ஆள் என் காலின் மேல் விழுந்தான். எழுந்து நின்று மீதி ஆட்டத்தையும் ஆடி முடித்தேன். அன்றிலிருந்து அந்த முழங்கால் திடீர் திடீரென்று பூட்டிக்கொள்ளும். திரும்ப வேண்டிய நேரத்தில் திரும்பாது. துரையிடம் சுளுக்கு என்று சொன்னேன். காலுறைக்குள் பஞ்சும் துணியும் வைத்துக் கட்டி மறைத்தேன். துரைக்குத் தெரியவில்லை. பார்க்க வந்தவர்களுக்கும் தெரியவில்லை. லெஃப்ட் பேக்குக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. ஒரு வருஷம் ஒன்றும் சொல்லாமல் இருந்தவர், லீவில் நான் கிளம்புகிற அன்று மட்டும் சொன்னார்: "உன்ர பக்கத்துக்கும் நான்தானே ஓடுறன். எத்தனை நாளைக்கு ஓடலாம்?"

துரையும் அன்று ஒன்று சொன்னார். பங்குனியில் நாகப்பட்டினத்திலிருந்து ஒரு திங்கட்கிழமை புறப்படும் கப்பலில் நான் ஏறியாக வேண்டும். அதில் வந்தால்தான் கோப்பை ஆட்டத்துக்கு நேரமாகும். வராவிட்டால் என் இடத்துக்கு ஈப்போவில் ஒரு புது பேக் தயாராக இருக்கிறான், மறுபடி வர வேண்டிய அவசியமில்லை. துரை இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் சிரித்துக்கொண்டே சொன்ன எதையும் மாற்றியதில்லை.

ஊருக்கு வந்த மறுநாளே ஊர்க்கவுண்டரைப் போய்ப் பார்த்தேன். காரணம், மாசியில் எங்கள் ஊரில் அம்மனுக்கு நோம்பி, ஊர்த் திருவிழா. நோம்பி என்றால் முதலில் காப்புக் கட்டுவார்கள். மஞ்சள் கயிற்றைக் கையில் கட்டிவிட்டால், நோம்பி முடிந்து அதை அவிழ்க்கிற வரைக்கும் ஊர் எல்லைக்கு வெளியே ஒரு ராத்திரி தங்கக் கூடாது. மீறிப் போகிறவனுக்கு ஒன்றும் ஆகாது. அவன் விட்டுவிட்டுப் போகிற வீட்டுக்குத்தான், அங்கே இருக்கிற மனுஷருக்கும் மாட்டுக்கும்தான் ஆகும் என்பது நம்பிக்கை. இப்படி ஒரு விதியை ஏற்படுத்தியவன் என்னைவிடப் பெரிய பேக்காக இருந்திருக்க வேண்டும்.

"ஏனுங் மாமா, இந்த வருசம் காப்பு எப்பங்க?"

"கட்டற அன்னிக்குக் கட்டுவோங் கண்ணு."

"அது எந்த அன்னிக்குங்க?"

"பூசாரி சொல்ற அன்னிக்கு."

பூசாரியிடம் போனேன். ஊர்க்கவுண்டர் சொல்கிற அன்றைக்கு என்றார். கப்பல், ரயில், ஆட்டம் எல்லாம் மணிக்கணக்கில் நடக்கிற உலகத்தில் ஒன்பது வருஷம் இருந்துவிட்டு வந்தவன் நான். அன்று பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டே வீட்டுக்குத் திரும்பினேன்.

உண்மையில் காப்புக்கு முன்னால் கீழே இறங்கிவிட வேண்டும் என்று நான் துடித்ததற்கு வேறு காரணம் இருந்தது. திருச்சியில் ஒரு டாக்டரிடம் ரகசியமாக முழங்காலைக் காட்ட வேண்டும். இதை வீட்டில் சொல்லவில்லை. மலை ஏறும்போது பெரிதாக வலிக்காது. இறங்கும்போதுதான் உயிர் போகும். பக்கவாட்டில் நண்டு மாதிரி இறங்குவேன், யாராவது எதிரே வந்தால் நின்று வேடிக்கை பார்ப்பதுபோல் நடிப்பேன். அப்பாவிடம் இந்த நடிப்பெல்லாம் தேவையில்லை என்று நினைத்தேன். அவர் யார் முகத்தையும் நேராகப் பார்த்துப் பேசமாட்டார். குனிந்து தரையைப் பார்ப்பார், அல்லது மாட்டைப் பார்ப்பார். என் உத்தியோகத்தைப் பற்றி ஒன்பது வருஷத்தில் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

ஒரு திங்கட்கிழமை பெட்டியைக் கட்டினேன். "நாளைக்குப் புளியஞ்சோலைக்கு எறங்கற ஆளுங்களோட போயிக்கலாம், பெட்டியத் தூக்க ஆளிருக்கும்" என்றார் அப்பா. நியாயமாகப் பட்டது. செவ்வாய்க்கிழமை விடியும் முன் மேளம் கேட்டது. நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுவதற்குள் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "கைய நீட்டு கண்ணு" என்றார். நீட்டினேன். தூக்கக் கலக்கத்தில் பிள்ளைகள் நீட்டுவதுபோல நீட்டினேன். மஞ்சள் கயிறு ஏறிவிட்டது. எவனையும் தாண்ட விடாதவன் என்று பெயர் வாங்கிய ரைட் பேக், பாயில் உட்கார்ந்தபடியே தோற்றேன்.

அப்போதும் பயம் வரவில்லை. கப்பலுக்கு இருபது நாள் இருந்தது. எங்கள் வழக்கப்படி காப்புக் கட்டிய அன்றே அம்மனுக்கு முன்னால் ஒரு கிடாவை நிறுத்தி, அதன் மேல் சுனைத் தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடம்பைச் சிலிர்த்து உதற வேண்டும். அதைத்தான் துலுக்குவது என்போம். கிடா துலுக்கினால் அம்மன் உத்தரவு கொடுத்துவிட்டாள் என்று அர்த்தம். அன்றே நோம்பி தொடங்கி, வெள்ளிக்கிழமை காப்பு அவிழும். துலுக்காவிட்டால் அடுத்த செவ்வாய்தான். மாசி மாதத்து விடியலில், பனிமூட்டத்தில், சுனைத் தண்ணீர் பட்டால் எந்தக் கிடாவும் துலுக்கத்தான் செய்யும். என் நினைவில் ஒரு வருஷமும் அது துலுக்காமல் இருந்ததில்லை.

தண்ணீர் ஊற்றுகிற முறை எங்கள் வீட்டுடையது. விடியும் முன் அப்பா தனியாகச் சுனைக்குப் போய்ச் செப்புக்குடத்தில் மொண்டு, வாயில் வேப்பிலை வைத்து, துணியால் மூடிக்கொண்டு வருவார். அந்தக் குடத்தை வேறு யாரும் தொடக் கூடாது, உள்ளே பார்க்கவும் கூடாது.

முதல் செவ்வாய் அப்பா ஊற்றினார். கிடா எருமை மேல் மழை பெய்த மாதிரி நின்றது. இன்னொரு சொம்பு ஊற்றினார். அது கண்ணை மூடிக்கொண்டு அசை போட்டது. முழுக் குடமும் தீர்ந்தது. பூசாரி அருள் வந்து ஆடினார், மேளக்காரர்கள் கை வலிக்க அடித்தார்கள். கிடா வால்கூட அசைக்கவில்லை. சனம் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது.

அடுத்த ஏழு நாளும் எனக்கு ஊரே சிறையாக இருந்தது. கிடாவில் கோளாறு என்று ஒரு கட்சி. ஊரில் யாரோ தப்புப் பண்ணியிருக்கிறார்கள் என்று ஒரு கட்சி. கடல் தாண்டிப் போய் வந்தவன் ஊருக்குள் இருப்பதுதான் அம்மனுக்குப் பிடிக்கவில்லை என்று மூன்றாவது கட்சி. அப்படியானால் என்னை வெளியே அனுப்பிவிடுங்கள் என்றேன். காப்புக் கட்டியவனை எப்படி அனுப்புவது என்றார்கள். நான் கிடாவை மாற்றச் சொன்னேன். நேர்ந்துவிட்ட கிடாவை மாற்றக் கூடாதாம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே சாமி, பூசாரி, கிடா மூன்றும் சேர்ந்துகொண்டு மறுத்தன.

இரண்டாவது செவ்வாயும் அது துலுக்கவில்லை. அன்று நான் கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்தேன். அதற்கு மேல் அங்கே நிற்கப் பிடிக்காமல் வீட்டுக்கு வந்து கட்டிவைத்த பெட்டியின் மேல் உட்கார்ந்தேன். அப்பா வெறும் குடத்தோடு வந்தார். "உனக்குக் கப்பலு போயிருமேன்னுதான் எனக்கு ரோசனையா இருக்குது சாமி" என்றார். அந்த வார்த்தையில் எனக்கு நெஞ்சு இளகிவிட்டது. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை எனக்குத் தெரியாததா, ஆனால் சொந்த அப்பாவைப் பற்றி யாருக்கு அது நினைவுக்கு வரும்? "உங்க மேல என்னங்கப்பா தப்பு" என்று நான்தான் அவருக்கு ஆறுதல் சொன்னேன்.

மூன்றாவது செவ்வாய்தான் முடிவு. அன்று கிடா துலுக்கினால் வெள்ளிக்கிழமை காப்பு அவிழும். அன்றே மலை இறங்கி, சனிக்கிழமை திருச்சி, ஞாயிறு ரயில், திங்கள் காலை நாகப்பட்டினம். பொட்டு நேரம் மிச்சமில்லை, ஆனாலும் முடியும். ராத்திரி முழுவதும் முழங்கால் வலித்தது. எழுந்து கோயிலுக்குப் போனேன். கிடாவின் கயிற்றை வழக்கமாகப் பூசாரியின் மருமகன் பிடிப்பார். அன்று அப்பா கூட்டத்தில் என்னைத் தேடி, "நீ வந்து கயித்தப் புடி கண்ணு" என்றார். பூசாரி மறுக்கவில்லை. இரண்டு வாரமாக அழுதுகொண்டிருப்பவன் கையாலாவது நடக்கட்டும் என்று நினைத்திருப்பார்.

நான் கிடாவின் முகத்துக்கு நேரே, வெறுங்காலோடு, ஈரத் தரையில் குத்துக்காலிட முடியாமல் குனிந்து நின்றேன். அப்பா மூடிய துணியை விலக்காமலே குடத்தைச் சாய்த்தார். தலையில் ஆரம்பித்து முதுகு நெடுக மெதுவாக, குழந்தைக்கு ஊற்றுவதுபோல ஊற்றினார். கிடா சுகமாக நின்றது. கடைசிச் சொம்பு அளவுத் தண்ணீர் குடத்திலிருந்து தவறி என் வலது காலின் மேல் கொட்டியது.

வெதுவெதுப்பாக இருந்தது.

நான் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தேன். அவர் கிடாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கணத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. சுனையிலிருந்து நேராக அவர் கோயிலுக்கு வரவில்லை. வீட்டு அடுப்புக்கு வந்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். மூன்று செவ்வாயும் அம்மா எல்லோருக்கும் முன்னால் எழுந்து அடுப்பு மூட்டியதும் நினைவுக்கு வந்தது. பனிமூட்டத்தில் குடத்தின் ஆவி யார் கண்ணுக்குத் தெரியும்? மூன்று தடவை ஓர் ஊரையே, அம்மனையே, வெந்நீர் வைத்து ஏமாற்றியிருந்தார் என்னைப் பெற்ற மனுஷர்.

வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். தண்ணீர் சூடாக இருக்கிறது என்று சொன்னால் பூசாரி தொட்டுப் பார்ப்பார். வேறு தண்ணீர் வரும். கிடா துலுக்கும். வெள்ளிக்கிழமை நான் மலை இறங்குவேன். அதே வார்த்தையில் அப்பாவின் மானமும் போகும். தலைமுறை தலைமுறையாக வந்த முறையைப் பிடுங்கிவிடுவார்கள். நாட்டுக்கூட்டத்தில் நிறுத்திக் கேட்பார்கள். எனக்குக் கோபத்தில் காது அடைத்தது. கயிற்றைப் பிடித்தபடியே நின்றேன். "இன்னிக்கும் இல்லீங்க" என்றார் பூசாரி. சனம் கலைந்தது.

அந்த வாரம் நான் அப்பாவோடு பேசவில்லை. அவரும் பேச முயலவில்லை. கப்பல் புறப்பட்ட திங்கட்கிழமை காலையில் பலாமரத்துக்கு அடியில் உட்கார்ந்து, இந்நேரம் ஏறியிருப்பார்கள், இந்நேரம் நங்கூரம் எடுத்திருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அம்மா களி கொண்டுவந்து வைத்தாள். சாப்பிட்டேன், பசித்தது.

மறுநாள் நான்காவது செவ்வாய். அப்பா ஊற்றிய முதல் சொம்புத் தண்ணீர் பட்டதுமே கிடா உச்சி முதல் வால் வரை உதறியது. முன்னால் நின்றவர்கள் மேலெல்லாம் தெறித்தது. மேளம் முழங்கியது, பெண்கள் குலவையிட்டார்கள், ஊர்க்கவுண்டர் கண்ணில் தண்ணீர். வெள்ளிக்கிழமை காப்பை அவிழ்த்தார்கள். என் கையிலிருந்ததை அப்பாதான் அவிழ்த்தார்.

துரையிடமிருந்து சித்திரையில் கடிதம் வந்தது. துறையூர்த் தபாலில் வந்து, சந்தைக்குப் போனவர் ஒருவர் மடியில் ஒரு வாரம் கிடந்து என் கைக்கு வந்தது. என் சேவைக்கு நன்றி, இடம் நிரப்பப்பட்டுவிட்டது என்று நான்கே வரி. ஒன்பது வருஷத்துக்கு நான்கு வரி. என் பெட்டியில் இருந்த ஸ்டிக்கை எடுத்துக் கொட்டகைக் கூரையில் செருகினேன்.

அதற்குப் பிறகு நான் செய்த காரியத்தைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது. வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் என் கதையைச் சொன்னேன். வெந்நீர் விஷயத்தைச் சொல்லவில்லை. ஆனால் ஒரு கிடாவும் ஒரு மூட வழக்கமும் சேர்ந்து என் பிழைப்பைக் கெடுத்தன, இல்லாவிட்டால் இன்றைக்கும் மலாயாவில் ஆடிக்கொண்டிருப்பேன் என்று சொல்லிச் சொல்லி எல்லோர் காதையும் புளிக்க வைத்தேன். கல்யாணமாகி வந்த என் மனைவிக்கு அது மனப்பாடம். நான் தொடங்கினால் அவள் அடுப்படிக்குப் போய்விடுவாள். அப்பா மட்டும் ஒவ்வொரு தடவையும் இருந்து முழுக்கக் கேட்பார், மாட்டைப் பார்த்துக்கொண்டு. அவருக்கு உறைக்கட்டும் என்றுதான் அவர் இருக்கும்போதெல்லாம் கொஞ்சம் கூட்டிச் சொல்வேன். முழங்கால் பூட்டிக்கொண்டு ஒரு வாரம் படுத்துக் கிடந்த நாட்களிலும், படுத்துக்கொண்டே சொன்னேன்.

பிறகு சண்டை வந்தது, மலாயாவை ஜப்பான்காரன் பிடித்தான். தோட்டத்துக் கோஷ்டி சிதறிப்போன செய்தி மெல்ல மெல்ல வந்தது. அம்மனே உன்னைத் தடுத்துக் காப்பாற்றினாள் என்று ஊர் சொன்னது. எனக்கு அதுவும் எரிச்சல். அம்மன் எங்கே தடுத்தாள், தடுத்தவர் யார் என்று எனக்கல்லவா தெரியும்.

சண்டை முடிந்த வருஷம், ஐப்பசி மழைக்கு முன்னால், நானும் அப்பாவும் சாமைக் காட்டுக்கு முள்வேலி கட்டிக்கொண்டிருந்தோம். அவருக்கு அப்போது கண் மங்கிவிட்டது. நான் முள்ளை வெட்டிக் கொடுக்க, அவர் தடவிப் பார்த்துக் கட்டுவார். வழியில் போன ஒருவர் நின்று மலாயாவைப் பற்றி ஏதோ கேட்டார். நான் வழக்கம்போல் கிடாக் கதையைத் தொடங்கி முடித்தேன். அவர் போன பிறகு எனக்கு ஏனோ அடக்க முடியவில்லை.

"அந்தத் தண்ணி சூடா இருந்துச்சுங்கப்பா" என்றேன்.

"இருந்துச்சு" என்றார். கை கட்டிக்கொண்டே இருந்தது.

"சாமி காரியத்துல இப்படிப் பண்ணலாமுங்களா?"

"அம்மனாத்தாகிட்டச் சொல்லிப்போட்டுத்தான் காச்சினேன்."

"என்றகிட்டச் சொல்லோணும்னு தோணலீங்களா?"

அவர் கட்டிய முடிச்சை இழுத்துப் பார்த்தார். அன்றைக்குத்தான், என் நினைவில் முதல் தடவையாக, நேராக என் முகத்தைப் பார்த்தார். அந்த மங்கலில் என் முகம் அவருக்குத் தெரிந்ததோ இல்லையோ.

"சொன்னனே கண்ணு. அதுக்குத்தானே கயித்தப் புடிக்கக் கூப்புட்டேன். உங்கால் மேல வேணும்னுதானே ஊத்துனேன். நீ மலையெறங்கறதப் பாத்துட்டுத்தான் இருந்தேன், அந்தக் காலோட உனக்குப் போகப் பயமா இருக்குதோன்னு ஒரு நெனப்பு. அது தப்பா இருந்தா, நீயே வாயத் தொறந்து தண்ணி சுடுதுன்னு சொல்லிப்போட்டுப் போகட்டும், என்னைய ஊரு என்ன பண்ணுனாலும் பண்ணட்டும்னுதான் ஊத்துனேன். நீ தொறக்கல."

அவருடைய மானத்துக்காகத்தான் வாயை மூடிக்கொண்டேன் என்று இத்தனை வருஷமாக நானே நம்பிக்கொண்டிருந்தேன். கால் மேல் அந்த வெதுவெதுப்புப் பட்டபோது முதலில் என்ன தோன்றியது என்று அந்த வேலியோரத்தில் நின்று நினைத்துப் பார்த்தேன். கோபம் இரண்டாவதாகத்தான் வந்தது. முதலில் வந்தது, அப்பாடா என்ற நிம்மதி. போக வேண்டாம், திடலில் எல்லோருக்கும் முன்னால் அந்தக் கால் மடங்குவதை யாரும் பார்க்க வேண்டாம் என்ற நிம்மதி. எனக்குப் பயமாக இருந்தது. அதைச் சொல்ல வாய் வராமல், பழியைத் தூக்கி ஒரு கிடாவின் மேலும் இந்த மனுஷர் மேலும் போட்டுவிட்டு, அவர் காது கேட்கவே ஏழெட்டு வருஷம் ஊரெல்லாம் திட்டிக்கொண்டு திரிந்திருக்கிறேன். அவர் ஒரு தடவைகூட மறுத்துப் பேசவில்லை.

"முள்ளக் குடு" என்றார் அப்பா. வெட்டிக் கொடுத்தேன்.